மண்ணில்லாப் பசுந்தீவனமும் கறவை எருமையும்: கணக்கிலிருந்து கட்டுத்தறி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

"1 கிலோ மக்காச்சோளம் போட்டா 8 கிலோ, 10 கிலோ தீவனங்ணா. தவிடு, புண்ணாக்கு எதுவுமே வேண்டாங்ணா." ஹைட்ரோபோனிக்ஸ், அதாவது மண்ணில்லாமல் டிரேயில் தானியத்தை முளைக்க வைத்துத் தீவனமாக்கும் இயந்திரம் விற்க வருகிறவர்கள் பேச்சை இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். இதில் முதல் வாக்கியம் பாதி உண்மை. இரண்டாவதை நம்பி இறங்கினால் பால் கறவையும் போகும், கொழுப்பும் போகும். அதனால் டிரே வாங்கும் முன், ரேக் அடிக்கும் முன், கணக்கைப் பார்த்துவிடுவோம்.

கிலோ கணக்கு ஏமாற்றும்

1 கிலோ அரிசி வடித்தால் இரண்டரை கிலோ சோறு வருகிறது. அதனால் வீட்டில் அரிசி பெருகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. முளைத்தீவனமும் அப்படித்தான். நல்ல விதையாக இருந்தால் 1 கிலோ மக்காச்சோளத்திலிருந்து ஏழெட்டு நாளில் 5 முதல் 6 கிலோ வரை வேர்ப்பாயோடு கூடிய பசுந்தீவனம் கிடைக்கும். அதில் 85 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். உலர்பொருள் 11 முதல் 14 சதவீதம்.

இப்போது பெருக்கிப் பாருங்கள். காய்ந்த மக்காச்சோளம் 1 கிலோவில் ஏறக்குறைய 880 கிராம் உலர்பொருள் இருக்கிறது. அதிலிருந்து வந்த ஐந்தரை கிலோ தீவனத்தில், 13 சதவீதம் என்று வைத்தாலும், 715 கிராம்தான். மீதி எங்கே? முளை வளரும்போது விதையிலிருந்த மாவுச்சத்தை எரித்துத்தான் மூச்சுவிடுகிறது. உரம் போடாத, வெயில் அதிகம் படாத ஒரு வார வளர்ச்சியில் புதிதாகச் சேர்வது மிகக் குறைவு, எரிவதே அதிகம். மொத்தத்தில் போட்டதைவிடக் குறைவாகவே எடுக்கிறோம்.

இதை யார் சொல்லியும் நம்ப வேண்டாம், வீட்டிலேயே சோதிக்கலாம். அறுவடை செய்த பாயில் 1 கிலோவை வேரோடு எடுத்து, நன்றாகப் பிய்த்து, தகரத்தின்மேல் மெல்லிசாகப் பரப்பி, கையில் நொறுக்கினால் மொறுமொறுவென்று உடையும் வரை நல்ல வெயிலில் காய வையுங்கள். இரவில் எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பனி ஏறும். பிறகு சமையலறைத் தராசில் நிறுத்தால் 130, 140 கிராம் நிற்கும். அதுதான் எருமைக்கு நீங்கள் உண்மையில் கொடுக்கும் தீனி.

அப்படியானால் இதில் லாபமே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். முளைக்கும்போது மாவுச்சத்து குறைவதால், மிஞ்சியதில் புரதத்தின் பங்கு கூடுகிறது. தானியமாக இருந்தபோது 8, 9 சதவீதமாக இருந்த புரதம், உலர்பொருள் அடிப்படையில் 13 சதவீதத்தை ஒட்டி வருகிறது. பச்சை இலையில் பீட்டா கரோட்டின் சேர்கிறது. வைக்கோலையும் சோளத்தட்டையும் மட்டுமே தின்கிற மாட்டுக்கு இது பெரிய விஷயம். எருமை இந்தக் கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகிறது, எருமைப்பால் மஞ்சளடிக்காமல் வெள்ளையாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். பச்சையே காணாத எருமைகள் சினைப்பருவத்துக்கு வராமல் இழுத்தடிப்பதற்கு வைட்டமின் ஏ பற்றாக்குறையும் ஒரு காரணம்.

ஆக, இது புல்லுக்கு மாற்று இல்லை. வைக்கோலுக்கு மாற்று இல்லவே இல்லை. முளைகட்டிய தானியம் இது. அடர்தீவனத்தில் (தானியம், தவிடு, புண்ணாக்கு கலந்த கலப்புத் தீவனம்) ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் கொஞ்சம் பச்சையைத் தருகிறது. இந்த வழிகாட்டி முழுக்க இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

யார் போடலாம், யார் போட வேண்டாம்

தண்ணீர் வசதியோடு 10 சென்ட் நிலம் சும்மா கிடந்தால் ஹைட்ரோபோனிக்ஸை மறந்துவிட்டு கோ-4 அல்லது கோ-5 கம்பு நேப்பியர் கரணையை ஊன்றுங்கள். கோ-4 புல்லுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 380 முதல் 400 டன் வரை மகசூல் சொல்லப்படுகிறது. 10 சென்ட் என்பது 0.04 ஹெக்டேர்; அந்தக் கணக்கில் நாளுக்கு 40 கிலோ. நம் கைப்பராமரிப்பில் அதில் பாதி வந்தாலும் 20 கிலோ பச்சைப்புல், அதாவது 4 கிலோ உலர்பொருள். இதே 4 கிலோ உலர்பொருளை முளைத்தீவனத்தில் எடுக்க, தினமும் கிட்டத்தட்ட 6 கிலோ மக்காச்சோளம் நனைக்க வேண்டும்.

நிலம் இல்லாமல் வீட்டை ஒட்டி இரண்டு மூன்று எருமை வைத்திருப்பவர்கள், நகரத்துக்குள் பால்பண்ணை நடத்துகிறவர்கள், கோடையில் கிணறு வற்றி மூன்று மாதம் பச்சையே கிடைக்காத பகுதிக்காரர்கள் ஆகியோருக்குத்தான் இது பொருந்தும். நிலத்தட்டுப்பாடுள்ள கோவாவில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆராய்ச்சி வளாகம் இதைக் கறவை மாடுகளில் சோதித்து, ஒரு மாட்டுக்கு நாளுக்கு 5 முதல் 10 கிலோ வரை, மற்ற தீவனங்களோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்றது. அந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 25 கிலோ, 30 கிலோ கொடுக்கச் சொல்கிறவர் தீவனம் விற்கவில்லை, இயந்திரம் விற்கிறார்.

தமிழ்நாட்டில் எருமை வளர்ப்பவர்களே குறைந்துவிட்டார்கள். 2019-இல் எடுத்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் மாநிலம் முழுவதும் 5.19 லட்சம் எருமைகள்தான். பசுவினம் 95 லட்சத்தைத் தாண்டியது. அதனால் தமிழில் கிடைக்கிற ஹைட்ரோபோனிக்ஸ் குறிப்புகள் எல்லாம் கலப்பினப் பசுவை மனதில் வைத்து எழுதியவை. எருமைக்கு எங்கே கணக்கு மாறுகிறது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

இரண்டு எருமைக்கு எவ்வளவு வேண்டும்

உதாரணத்துக்கு இரண்டு முர்ரா இன அல்லது முர்ரா கலந்த எருமைகள், ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 8 கிலோ முளைத்தீவனம். மொத்தம் 16 கிலோ. 1 கிலோ விதைக்கு ஐந்தேகால் கிலோ என்று அடக்கமாக வைத்தால், தினமும் 3 கிலோ மக்காச்சோளம்.

சதுர அடிக்கு அரை கிலோ விதை என்பது பாதுகாப்பான அளவு. 3 அடிக்கு 1 அடி டிரேயில் ஒன்றரை கிலோ பிடிக்கும். ஆக நாளுக்கு 2 டிரே. முதல் நாள் ஊறல், இரண்டாம் நாள் சாக்கு, மூன்றாம் நாளிலிருந்து எட்டாம் நாள் வரை டிரே. அதாவது 6 நாள் டிரேயில் இருக்கும். 12 டிரே ரேக்கில், 2 டிரே கழுவிக் காய்வதற்கு. மொத்தம் 14. இந்த இரண்டு உபரி டிரேயை மிச்சம் பிடிக்கிறேன் என்று விட்டுவிடாதீர்கள். ஈர டிரேயிலேயே அடுத்த விதையைக் கொட்டும் பழக்கம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது, பூஞ்சையும் அங்கிருந்துதான்.

கொட்டகையும் ரேக்கும்

தனிக் கட்டடம் வேண்டாம். வீட்டுச் சுவரை ஒட்டிய, வடக்கு அல்லது கிழக்குப் பார்த்த நிழலான மூலை போதும். மேலே ஓடு அல்லது கீற்று. தகரம் போட்டால் மதியம் உள்ளே வெந்துவிடும். சுற்றிலும் 75 சதவீத நிழல்வலை, வெயில் நேரத்தில் நனைத்துத் தொங்கவிடச் சாக்குப்படுதா. 20 முதல் 27 டிகிரி வெப்பத்தில் மக்காச்சோள முளை சந்தோஷமாக வளரும். நம் ஊர் ஏப்ரல், மே மாதத்தில் அது நடக்கிற காரியமில்லை. 32 டிகிரிக்குள் வைத்தாலே சமாளிக்கலாம். நேர் வெயில் படக்கூடாது, ஆனால் வெளிச்சம் வேண்டும். இருட்டறையில் வளர்த்தால் இலை வெளிறிப்போய், எந்தக் கரோட்டினுக்காக இந்தப் பாடு படுகிறோமோ அது கிடைக்காது.

ரேக் 4 அடுக்கு, அடுக்குக்கு 3 டிரே. தரையிலிருந்து 1 அடி விட்டு முதல் அடுக்கு, பிறகு ஒன்றரை அடிக்கு ஒன்று. அறுவடைக்கு நிற்கிற ஒரு டிரே 8, 9 கிலோ கனக்கும் என்பதால் மெல்லிய பி.வி.சி. குழாய் நாளாக நாளாகத் தொய்யும். இரும்பு ஆங்கிள் நல்லது, சவுக்குக் கம்பும் மூங்கிலும் மலிவு. டிரேயின் ஒரு முனையில் நாலைந்து துளை போட்டு, அந்த முனை விரலளவு தாழ இருக்கும்படி வையுங்கள். தண்ணீர் ஒரு பக்கமாக வடிந்து ஓட வேண்டும். மேல் டிரேயின் வடிநீர் கீழ் டிரேயில் சொட்டாதபடி ஒரு பிளாஸ்டிக் தாள் அல்லது பாதிக் குழாய் கட்டிவிடுங்கள், மேலே பூஞ்சை வந்தால் கீழே இறங்கும் வழி அதுதான். வடிகிற தண்ணீரை வாழைக்கோ தென்னைக்கோ திருப்பிவிடலாம். புளித்து நாறும் அதை எருமைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

தெளிப்புக்கு ஃபாகர் (பனிபோலத் தண்ணீர் தெளிக்கும் கருவி), சிறு மோட்டார், டைமர் இருந்தால் வசதி. இல்லையென்றால் கைத்தெளிப்பான். ஆனால் வயலில் பூச்சிமருந்து அடித்த தெளிப்பானை எத்தனை முறை கழுவியிருந்தாலும் இதற்கு எடுக்காதீர்கள். கரண்ட் போகிற ஊர்களில் ஃபாகர் வைத்திருப்பவர்களும் ஒரு கைத்தெளிப்பான் வைத்துக்கொள்ள வேண்டும். 1 கிலோ தீவனத்துக்கு 2 முதல் 3 லிட்டர் தண்ணீர் ஆகும். நம் இரண்டு எருமைக் கணக்கில் நாளுக்கு 50 லிட்டருக்குள். உப்புத் தண்ணீர் போர்வெல்லாக இருந்தால் முளைப்பே சரியாக வராது, குடிக்கிற தண்ணீரைத்தான் பயன்படுத்த வேண்டும். ஊட்டச்சத்துக் கரைசல், "ஹைட்ரோ உரம்" எதுவும் தேவையில்லை. முதல் ஒரு வாரம் முளை தன் விதையிலிருப்பதைத் தின்றே வளர்கிறது.

எலி வரும். மக்காச்சோள வாசனைக்கு வராமல் இருக்காது. எலி மூத்திரத்திலிருந்து பரவும் எலிக்காய்ச்சல் மாட்டையும் பிடிக்கும், ஆளையும் பிடிக்கும். கீழிருந்து 3 அடி உயரத்துக்கு நெருக்கமான கம்பிவலை அடித்துவிடுங்கள்.

விதை

கோழித்தீவனத்துக்கும் மாவுமில்லுக்கும் போகிற மக்காச்சோளம் மலிவாகக் கிடைக்கும். அதில் உடைந்ததும் வண்டு துளைத்ததும் நிறைய இருக்கும். முளைக்காத ஒவ்வொரு விதையும் டிரேயில் அழுகிப் பூஞ்சைக்குப் படுக்கை விரிக்கும். வியாபாரியிடம் மூட்டை எடுக்கும் முன் ஒரு கைப்பிடி வாங்கி வந்து, 100 விதையை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வையுங்கள். மூன்றாம் நாள் விரித்துப் பார்த்து 85-க்கு மேல் முளைத்திருந்தால் வாங்கலாம். 70 முளைத்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

விதைக்கடையில் பாக்கெட்டில் விற்கும் விதை நன்றாக முளைக்கும். ஆனால் சிவப்பு, ரோஸ், பச்சை என்று சாயம் பூசியது பூஞ்சாணக்கொல்லி அல்லது பூச்சிமருந்து தடவிய விதை. கழுவினாலும் போகாது. அதை எருமைக்கும் கொடுக்கக்கூடாது, கன்றுக்கும் கொடுக்கக்கூடாது.

சோளத்தைப் பற்றி உரக்கச் சொல்ல வேண்டும்: வெள்ளைச் சோளம், செஞ்சோளம், தீவனச் சோளம் எதையும் முளைத்தீவனமாகப் போடாதீர்கள். இளம் சோளப்பயிரை மேய்ந்த மாடு வயலிலேயே விழுவதை நம் ஊர்களில் பார்த்திருப்பீர்கள். அதே சயனைடு நஞ்சு முளைவிட்ட சோளத்திலும் இருக்கிறது. பேருக்குள் சோளம் இருந்தாலும் மக்காச்சோளம் வேறு பயிர், அதில் இந்தச் சிக்கல் இல்லை. கம்பு, கொள்ளு, தட்டைப்பயறு ஆகியவற்றையும் முளைக்க வைக்கலாம். ஆனால் எடையிலும் பராமரிப்புச் சுலபத்திலும் மக்காச்சோளம்தான் முன்னால் நிற்கிறது. புரதம் கூட வேண்டும் என்றால் மக்காச்சோளத்தோடு ஒரு பங்கு தட்டைப்பயறைத் தனி டிரேயில் போட்டுப் பார்க்கலாம், கலந்து போட வேண்டாம். இரண்டும் ஒரே வேகத்தில் வளராது.

எட்டு நாள்

முதல் நாள் சாயங்காலம்: 3 கிலோ விதையை அகலப் பாத்திரத்தில் கொட்டி, உப்புக் கரைத்த தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள். பொக்கு, சருகு, வண்டரித்தது எல்லாம் மிதக்கும். அரித்து எறிந்துவிட்டு நல்ல தண்ணீரில் அலசுங்கள். அடுத்து 10 லிட்டர் தண்ணீரில் 30 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கலக்கி, அடியில் படிந்ததை விட்டுத் தெளிவை மட்டும் எடுத்து, அதில் அரை மணி நேரம் விதையை வையுங்கள். பின்பு வாசனை போகும்வரை மூன்று முறை அலசி, நல்ல தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். 12 மணி நேரம் போதும். ஒரு பகல் ஒரு இரவு ஊறப்போட்டால் தண்ணீர் நுரைத்துப் புளிக்கத் தொடங்கும்.

இரண்டாம் நாள் காலை தண்ணீரை வடித்து, இன்னொரு முறை அலசி, சுத்தமான சணல் சாக்கில் கட்டி நிழலில் தொங்கவிடுங்கள். காற்றோட்டம் வேண்டும். யூரியா வந்த பிளாஸ்டிக் சாக்கு உதவாது, உள்ளே சூடேறும். மூன்று நாலு முறை சாக்கை நனைக்க வேண்டும். சாயங்காலம் சாக்குக்குள் கையை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், கை சுடக்கூடாது. சுட்டால் உடனே பிரித்து, கொட்டி, அலசி, மீண்டும் கட்டுங்கள்.

மூன்றாம் நாள் விதை மூக்கில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். டிரேக்கு ஒன்றரை கிலோ காய்ந்த விதைக்கான பங்கைப் பரப்புங்கள், ஊறிய எடையில் அது இரண்டு கிலோவைத் தாண்டும். ஒரு விதைமேல் ஒன்று, அதிகம் போனால் இரண்டு. விரலை நுழைத்தால் முதல் கணுவில் பாதிகூட மறையக்கூடாது. அதிக விளைச்சல் வரட்டும் என்று குவித்துப் போடுகிறவர்களுக்கு அடி விதை வெந்து அழுகி மேலேயும் கெட்டுவிடுகிறது.

அதன்பின் நாலு நாள் தெளிப்புதான் வேலை. காலை 6 மணி முதல் மாலை 6 வரை இரண்டு மணிக்கு ஒரு முறை, கோடையில் ஒன்றரை மணிக்கு ஒரு முறை, மழைநாளில் நாலைந்து முறை போதும். ஒவ்வொரு முறையும் பனிபோலப் படிந்தால் சரி. டிரேயில் தண்ணீர் தேங்கினால் தப்பு. ஐந்தாம் நாளில் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாயாகிவிடும். அதன்பின் பாயைக் கலைக்கவோ புரட்டவோ வேண்டாம்.

எட்டாம் நாள் இலை முக்கால் அடி முதல் 1 அடி வரை நிற்கும். அன்று காலை தெளிப்பை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் வடியவிட்டு எடுங்கள். ஒன்பது, பத்து நாள் என்று தள்ளிப்போட்டால் கண்ணுக்கு உயரம் கூடும், சத்து குறையும்.

பூஞ்சை: இங்கேதான் பலரும் கைவிடுகிறார்கள்

நாலாம் நாள் டிரேயைப் பார்த்து, "ஐயோ, பூஞ்சை பிடிச்சிருச்சு" என்று கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. பாதி நேரம் அது பூஞ்சையே இல்லை, வேர்த்தூவி. வேரைச் சுற்றி எல்லா விதையிலும் ஒரே மாதிரி வெள்ளைப் பஞ்சுபோல நிற்கும். தண்ணீரைத் தெளித்ததும் வேரோடு ஒட்டிப் படிந்து காணாமல் போகும். முகர்ந்தால் பச்சை வாசனை. பூஞ்சை அப்படியில்லை: அங்கங்கே திட்டுத்திட்டாக, விதைக்கு விதை நூல் இழுத்ததுபோல ஒட்டடை கட்டி நிற்கும், தெளித்தாலும் போகாது, மக்கிய சாக்கு வாடை வரும். பிறகு சாம்பல், பச்சை, கறுப்பு என்று பொடி தட்டும்.

பூஞ்சை பிடித்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைப் போடலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. கண்ணுக்குத் தெரிவது தலை, இழை பாய்க்குள் ஓடியிருக்கும். அந்த டிரே முழுவதும் உரக்குழிக்குப் போகட்டும், கோழிக்கும் ஆட்டுக்கும்கூட வேண்டாம். பூஞ்சை பிடித்த முளைதானியத்தைத் தின்ற மாடுகள் உடல் நடுங்கி, பின்னங்கால் மடங்கி விழுந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. காரணம் ஆஸ்பர்ஜில்லஸ் கிளாவேட்டஸ் என்ற பூஞ்சை. அதன் உறவுக்காரப் பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு மாட்டின் உடம்பில் மாறிப் பாலில் இறங்கும். பாலில் இது கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. பால் கெட்டுப்போகாது, ருசி மாறாது, அதனால் கறக்கிறவருக்குத் தெரியவே தெரியாது.

எருமைக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பஞ்சாப், அரியானா பக்கம் பூஞ்சை பிடித்த நெல் வைக்கோலைத் தின்ற எருமைகளுக்கு வாலும் காதும் குளம்பும் அழுகும் டெக்னாலா என்ற நோய் வருகிறது. அதே வைக்கோலைத் தின்ற பசுவைவிட எருமையையே அது அதிகம் பிடிக்கிறது.

வராமல் தடுக்க மருந்து தேட வேண்டாம். டிரே காலியானதும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் தண்ணீரில் முக்கி, ஒரு முழு நாள் வெயிலில் காய வையுங்கள். தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள். அடுத்தடுத்து மூன்று நாள் டிரேயில் பூஞ்சை வந்தால் விதை மூட்டையில்தான் கோளாறு, மூட்டையை மாற்றுங்கள். வடகிழக்குப் பருவமழையில் நாள் முழுக்கக் காற்றே ஈரமாக இருக்கும். அப்போது டிரேக்கு ஒன்றேகால் கிலோவாகக் குறைத்து, ஒரு சிறு மின்விசிறியைக் கொட்டகைக்குள் ஓடவிடுவது தெளிப்பைக் கூட்டிக் குறைப்பதைவிடப் பலன் தரும்.

எருமைக்குக் கொடுப்பது

முதல் நாளே 8 கிலோவைத் தொட்டியில் போடாதீர்கள். 1 கிலோவில் ஆரம்பித்து, பத்து நாளில் 8 கிலோவுக்கு வாருங்கள். இரைப்பைக்குள் இருக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீனி மாறும்போது பழக அவகாசம் வேண்டும். சாணி இளகினால் இரண்டு நாள் அதே அளவில் நிறுத்திப் பாருங்கள். சாணியில் முழு மக்காச்சோளம் நிறையத் தெரிந்தால் முளைக்காத விதை அதிகம் என்று பொருள், கோளாறு மாட்டில் இல்லை.

பாயை அப்படியே சுருட்டித் தொட்டியில் வைத்தால் எருமை ஒரு முனையைக் கவ்வி ஒரு உதறு உதறும். முழுப் பாயும் வெளியே விழுந்து சாணியில் புரளும். வேர்ப்பக்கத்தைப் பிடித்துக் கையகலத் துண்டுகளாகப் பிய்த்து அல்லது அரிவாளால் அரிந்து, நறுக்கிய வைக்கோல் அல்லது சோளத்தட்டோடு பிசிறிப் போடுங்கள். வேரும் விதையும்தான் கனமான பகுதி, இலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு வேரை விட்டால் கொடுத்ததில் பாதி வீண். காலை 4 கிலோ, மாலை 4 கிலோ என்று பிரித்துக் கொடுப்பது நல்லது. அன்றன்று எடுத்ததை அன்றன்றே தீர்க்க வேண்டும். குவித்து வைத்தால் இரவுக்குள் சூடேறிவிடும்.

500 கிலோ எடையில் நாளுக்கு 8 லிட்டர் கறக்கும் எருமைக்குச் சுமார் 13 கிலோ உலர்பொருள் தேவை. அதை இப்படி நிரப்பலாம்: வைக்கோல் அல்லது தட்டு 6 கிலோ, கோ-4 புல் 12 கிலோ, முளைத்தீவனம் 8 கிலோ, கலப்புத் தீவனம் நாலரை கிலோ. உலர்பொருளாக 5.4, 2.4, 1.04, 4.05; கூட்டினால் 12.9 கிலோ வரும். முளைத்தீவனத்தின் பங்கு வெறும் 1 கிலோதான் என்பதைக் கவனியுங்கள். புல்லே இல்லாத வீட்டில் வைக்கோலை 8 கிலோவாக உயர்த்தி, அகத்தி, சுபாபுல், வேலிமசால் என்று கிடைக்கும் தழை எதையாவது 3, 4 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

முளைத்தீவனம் வருவதற்கு முன் ஐந்தரை கிலோ கலப்புத் தீவனம் கொடுத்துக்கொண்டிருந்தால், 8 கிலோ பாய்க்கு 1 கிலோவைக் குறைக்கலாம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 20 சதவீதப் புரதமுள்ள கலப்புத் தீவனம் 1 கிலோவில் 200 கிராம் புரதம். 8 கிலோ பாயில் 140 கிராம்தான். அந்த 60 கிராம் பள்ளத்தை 150 கிராம் கடலைப் புண்ணாக்கு நிரப்பிவிடும். நிரப்பாமல் விட்டால் முதல் வாரம் ஒன்றும் தெரியாது. பிறகு பால் மெல்ல இறங்கும், அதற்குள் பழி வேறு எதன்மீதோ விழுந்திருக்கும்.

வைக்கோலைக் குறைக்கவே கூடாது என்று முன்பே சொன்னதற்குக் காரணம் பால் சொசைட்டியில் தெரியும். எருமைப்பாலுக்கு விலையே கொழுப்பில்தான். பால் கொழுப்புக்கு மூலப்பொருள் இரைப்பையில் நார் நொதிக்கும்போது வருகிறது. பச்சையாக, இளசாக இருக்கும் முளைத்தீவனத்தில் மெல்ல வேண்டிய நார் குறைவு. பச்சை வந்துவிட்டதே என்று வைக்கோலைப் பாதியாக்கினால் 7-இல் நின்ற பேட் (கொழுப்புச் சதவீதம்) 6-ஐ நோக்கி வரும். அரை லிட்டர் பால் கூடியிருந்தாலும் பணத்தில் நட்டம். எருமை முரட்டு நாரைச் செரிக்கிற திறமையில் பசுவைவிட ஒரு படி மேல். அந்தத் திறமையைப் பயன்படுத்தாமல் தண்ணீர்ப் பாயை நிரப்புவது வீண்வேலை.

மக்காச்சோளத்தில் கால்சியம் மிகக் குறைவு, முளைத்தாலும் அது அதிகமாகாது. தாது உப்புக் கலவை நாளுக்கு 50 கிராமும் சாப்பாட்டு உப்பு 30 கிராமும் தவறாமல் வேண்டும். கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தானுவாஸ் தாது உப்புக் கலவை பல ஊர்களில் கிடைக்கிறது. கன்று போட்ட முதல் வாரத்தில் புதிதாக எதையும் ஆரம்பிக்காதீர்கள். சினை எருமைக்குப் பழக்குவதானால் கன்று போட மூன்று வாரம் இருக்கும்போதே பழக்கிவிடுங்கள்.

பணக் கணக்கு

விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் முறையைப் பாருங்கள், உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். மக்காச்சோளம் கிலோ 26 ரூபாய் என்று வைத்தால் 3 கிலோ 78 ரூபாய், கரண்டும் பிளீச்சிங்கும் 5 ரூபாய். 83 ரூபாய்க்கு 16 கிலோ, கிலோ 5 ரூபாய் சொச்சம். கேட்க மலிவாக இருக்கிறது. உலர்பொருளில் பாருங்கள்: 16 கிலோவில் 2.08 கிலோ, ஆக உலர்பொருள் கிலோ 40 ரூபாய். 30 ரூபாய்க் கலப்புத் தீவனம் இதே கணக்கில் 33 ரூபாய். அதே மக்காச்சோளத்தை முளைக்க வைக்காமல் அரைத்துப் போட்டால் 30 ரூபாய்க்குள். 3 ரூபாய்க்கு விலைக்கு வாங்கும் கோ-4 புல் 15 ரூபாய். இதில் உங்கள் ஒரு மணி நேர உழைப்பையும் ரேக் முதலீட்டையும் நான் சேர்க்கவேயில்லை.

பிறகு ஏன் போட வேண்டும்? பச்சையே இல்லாத இடத்தில் கரோட்டினுக்காக, காய்ந்த தட்டை முகர்ந்துவிட்டு நகர்கிற எருமை அதைத் தின்பதற்காக, சினை பிடிப்பதற்காக. ஒரு எருமை ஒரு ஈத்தில் இரண்டு மாதம் முன்னதாகச் சினை நின்றால் வரும் லாபம் இந்த ஏழு ரூபாய் வித்தியாசத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் சினை பிடிக்காததற்குக் காரணம் பச்சைத் தட்டுப்பாடுதானா என்பதை முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். எருமையின் சினைப்பருவ அறிகுறி கோடையில் மங்கலாகத்தான் தெரியும், கத்தாமலே கடந்துபோகும். பருவத்தையே கவனிக்காமல் விட்டதற்குத் தீவனத்தால் பதில் சொல்ல முடியாது.

குளிர்சாதனம் பொருத்திய கன்டெய்னர் இயந்திரங்களை இரண்டு மூன்று எருமைக்காரர் வாங்கவே வேண்டாம். கோடையில் அதன் மின்கட்டணம் தீவனச் செலவோடு போட்டிபோடும். வாங்கியே தீருவேன் என்றால், விற்பவரிடம் ஏற்கெனவே வாங்கி ஒரு கோடையைக் கடந்த பண்ணையின் முகவரியைக் கேளுங்கள். அங்கே போய், இயந்திரத்தைப் பார்ப்பதற்கு முன் மே மாத மின்கட்டண ரசீதைப் பாருங்கள். அதற்கும் முன்னால், சொந்தமாக நாலு டிரேயை வீட்டு மூலையில் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். தினமும் இரண்டு மணிக்கு ஒரு தெளிப்பு, தினமும் டிரே கழுவல், கல்யாணம் காட்சிக்குப் போகிற நாளிலும் யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும் என்பது அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். ஓட்ட முடிகிறது என்றால் மீதிப் பத்து டிரேயை வாங்குங்கள்.